காலி செய்த பங்க் நிலத்தில் பெட்ரோல் வாடை: செலவு யார் தலையில்?

கேள்வி: சேலத்தை ஒட்டி மெயின் ரோட்டில் எங்களுக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. அப்பா அதை முப்பது வருஷக் குத்தகைக்கு ஒரு எண்ணெய்க் கம்பெனிக்கு விட்டிருந்தார். கம்பெனி அங்கே பெட்ரோல் பங்க் வைத்து, டீலர் ஒருவரிடம் நடத்தக் கொடுத்திருந்தது. குத்தகை முடிந்து அவர்கள் காலி செய்து இரண்டரை வருஷம் ஆகிறது. டேங்குகளை எடுத்துக்கொண்டு, குழியில் மண்ணைக் கொட்டி மூடிக் கொடுத்தார்கள். ‘இடத்தை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று அப்பா கையெழுத்துப் போட்டார். போன வருஷம் அவர் காலமாகிவிட்டார். இப்போது கடை கட்டலாம் என்று வானம் தோண்டினால், ஆறடிக்குக் கீழே மண் கறுத்துப்போய் பெட்ரோல் நாற்றம் அடிக்கிறது. பின்பக்கத் தோட்டத்துக் கிணற்றிலும் அதே வாடை. தோட்டக்காரரைச் சிறு வயதிலிருந்தே சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். அவர், “உங்க இடத்துலிருந்துதான் வருது, நீதான் வழி சொல்லணும்” என்கிறார். மேஸ்திரியோ, இரண்டு நாளில் மண்ணை அள்ளி ஏரிக்கரைப் பக்கம் தட்டிவிடலாம் என்கிறார். மண்ணை அள்ளினால் போதுமா? அந்தத் தண்ணீரைப் புழங்கலாமா? நான் கைக்காசு போட்டுச் சுத்தம் செய்தால் கம்பெனியிடம் திரும்ப வாங்க முடியுமா?
— வாசகி, சேலம்

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

இதைப் படித்ததும் மேஸ்திரிக்கு ஒரு போன் போடுங்கள். ஜே.சி.பி. நிற்கட்டும். அந்த மண்ணில் ஒரு கூடைகூட இப்போதைக்கு வெளியே போகக் கூடாது. டேங்க் போய்விட்டது, பைப் போய்விட்டது, கையெழுத்துப் போட்ட அப்பாவும் இல்லை. உங்கள் கையில் மிச்சமிருக்கும் சாட்சி அந்தக் கறுத்த மண் மட்டும்தான். அதுவும் லாரி ஏறிவிட்டால், ‘கசிவு எங்கே இருந்தது, காட்டுங்கள்’ என்று கம்பெனி வக்கீல் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இல்லாமல் நிற்பீர்கள். இன்னொன்றும் இருக்கிறது. ஏரிக்கரையில் அதைத் தட்டினால், அந்த இடத்தைப் பொறுத்தவரை மாசுபடுத்தியவர் நீங்கள்தான். ஆய்வு முடிவு வரும்வரை அந்த மண்ணை ஆபத்தான கழிவாகவே பாவிக்க வேண்டும். அதற்கென்று 2016-ல் வந்த தனி விதிகள் இருக்கின்றன. இன்று நஷ்டஈடு கேட்கும் இடத்தில் இருக்கிறீர்கள், இரண்டு லோடு மண்ணால் நஷ்டஈடு கொடுக்கும் இடத்துக்குப் போய்விடாதீர்கள்.

அடுத்தது கிணறு. பணத்தைவிட இது அவசரம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கிணற்றுக்குள் இறங்கித் தங்கிவிடும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அது கலந்திருந்தாலே ஒரு பொறி போதும். தூர் வாரவோ, மோட்டாரைப் பார்க்கவோ, மாதிரித் தண்ணீர் மொள்ளவோ யாரும் உள்ளே இறங்கக் கூடாது. தீப்பிடிக்காவிட்டாலும் மூச்சு முட்டியே ஆள் போய்விடுவார். கிணற்று மேட்டிலேயே ஸ்டார்ட்டர் பெட்டி இருந்தால் அதைத் தொட வேண்டாம். தள்ளி இருக்கும் மெயினில் கரண்டை நிறுத்தச் சொல்லுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. வாடை கடுமையாக இருந்தால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்வதில் தயக்கமே வேண்டாம். அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவதும் ஒரு பதிவு.

அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும் மாட்டுக்குக் காட்டவும் கூடாது. ‘காய்ச்சினால் சரியாகிவிடும்’ என்று யாராவது சொல்வார்கள். காய்ச்சும்போது பெட்ரோலில் இருக்கும் பென்சீன் என்ற ரசாயனம் தண்ணீரிலிருந்து கிளம்பி அடுப்படிக் காற்றில் கலக்கும், அடுப்பு முன்னால் நிற்பவர் அதைச் சுவாசிப்பார். வெந்நீர்க் குளியலிலும் இதே கதைதான். பிளீச்சிங் பவுடரும் படிகாரமும் இதற்கு மருந்து ஆகாது. பென்சீன் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள். குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. நம் மூக்குக்கு வாடை தெரிவதற்கு எவ்வளவோ முன்பே தண்ணீர் அந்த அளவைத் தாண்டியிருக்கும். ஆகவே ‘இன்றைக்கு வாடை குறைந்திருக்கிறது’ என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். சித்தப்பா வீட்டுக்கு மேட்டூர்த் தண்ணீர் இணைப்போ லாரித் தண்ணீரோ உடனே ஏற்பாடாக வேண்டும். அந்த ரசீதுகளை அவர் ஒன்றுவிடாமல் பத்திரப்படுத்தட்டும்.

இனி, மண்ணுக்குள் என்ன நடந்திருக்கிறது என்பதைப் பார்க்கலாம். இது புரிந்தால்தான் யார் என்ன சொன்னாலும் உங்களால் நிறுத்தி யோசிக்க முடியும்.

பங்க் கசிவு என்றதும் டேங்க்தான் ஓட்டையாகியிருக்கும் என்று எல்லோரும் நினைப்பார்கள். பாதிக்கு மேல் அப்படி இருக்காது. டேங்கர் லாரி இறக்கும் வாய், டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் பூமிக்கடி பைப், பம்ப் அடியில் இருக்கும் இணைப்பு, இந்த மூன்று இடங்களில்தான் முதலில் தேட வேண்டும். கசிவு பெரிதாக இருக்க வேண்டியதும் இல்லை. நொடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு நாலு லிட்டருக்குக் கொஞ்சம் மேல், வருஷத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு லிட்டர். ஆயிரக்கணக்கான லிட்டர் விற்கும் பங்கில், டிப் ராடு விட்டு அளக்கும் கணக்கில், ஒரு நாளைய நாலு லிட்டர் கண்ணுக்கே படாது. வெயிலில் ஆவியானது, அளவில் வந்த வித்தியாசம் என்று போய்விடும். பல வருஷம் யாருக்கும் தெரியாமல் கசிந்திருக்கலாம் என்பது இதனால்தான்.

இங்கே உங்கள் பழைய ஞாபகம் உதவும். மழைக்காலத்தில் அந்த பங்கில் பெட்ரோல் போட்ட வண்டிகள் நின்றுபோனதாக, பெட்ரோலில் தண்ணீர் கலந்திருப்பதாக எப்போதாவது தகராறு நடந்ததா? பூமிக்கடித் தண்ணீர் டேங்குக்கு மேலே ஏறும் காலத்தில், பெட்ரோல் வெளியேறும் அதே ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் எத்தனால் அந்தத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், வண்டி சட்டென்று நின்றுவிடும். அப்படி ஒரு புகாரோ செய்தித் துணுக்கோ அக்கம்பக்கத்தார் ஞாபகமோ கிடைத்தால் எழுதி வையுங்கள். டேங்கில் வழி இருந்தது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

கசிந்த பெட்ரோல் மண்ணில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு, மீதி கீழே இறங்கும். லிட்டர் முக்கால் கிலோ எடைதான் என்பதால், நீர்மட்டத்தைத் தொட்டதும் ரசத்தின் மேல் எண்ணெய் மாதிரி மிதந்து பரவும். அதிலிருந்து பென்சீன் போன்றவை தண்ணீரில் கரைந்து, தண்ணீர் போகும் பக்கம் போகும். சேலத்தில் நமக்கு இருப்பது பாறை பூமி. மேலே சில அடி மண், அதன் கீழே சுக்கான் போல உதிரும் பாறை, அதற்கும் கீழே வெடிப்பு விட்ட கெட்டிப் பாறை. சேர்வராயன் மலையடிவாரத்திலிருந்து திருமணிமுத்தாறு, சரபங்கா பக்கம் சரியும் நிலம் என்பதால் தண்ணீரும் பொதுவாக அந்தச் சரிவில்தான் போகும். ஆனால் பாறைக்குள் வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதுதான் வழி. பக்கத்துக் கிணறு சுத்தமாக இருக்க, நாலு இடம் தள்ளி உள்ள போர்வெல்லில் வாடை வரலாம். அதிகமாக ஓடும் போர் தன் பக்கம் இழுக்கவும் செய்யும். அதனால் சித்தப்பா கிணறு ஒன்றோடு நிறுத்தாமல், சுற்றியுள்ள எல்லாக் கிணறு, போர்களையும் சோதிக்க வேண்டும்.

மழைக்காலம் வேறு ஆளை ஏமாற்றும். நீர்மட்டம் ஏறும்போது மிதக்கும் பெட்ரோல் மண் இடுக்கில் சிக்கித் தண்ணீருக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். கிணற்றில் படலம் மறையும், வாடை தணியும். ‘சரியாகிவிட்டது’ என்று எல்லோரும் வேலையைப் பார்ப்பார்கள். மாசியில் தண்ணீர் இறங்கும்போது சிக்கியது விடுபட்டு மறுபடி கிணற்றுக்கு வரும். கம்பெனித் தரப்பு ஐப்பசியில் ஒரு மாதிரி எடுத்து ‘ஒன்றுமில்லை’ என்று காட்டினால் ஏற்காதீர்கள். கோடையிலும் ஒரு மாதிரி எடுக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

சாட்சியைப் பத்திரப்படுத்துவது எப்படி என்று இப்போது சொல்கிறேன். என் அனுபவத்தில் இந்த மாதிரி வழக்குகள் நிற்பதும் விழுவதும் இங்கேதான்.

தோண்டிய குழியின் சுவரைப் பாருங்கள். நம் பக்கத்துச் செம்மண் பெட்ரோலில் வருஷக்கணக்காக ஊறினால் காற்றோட்டம் போய், சிவப்பு மாறி, சாம்பலும் பச்சையும் கலந்த கறுப்பாகிவிடும். அந்த நிறம் எந்த ஆழத்தில் தொடங்குகிறது, எந்தப் பக்கம் அடர்த்தி, எங்கே நிற்கிறது என்பதை டேப் வைத்து அளந்து, டேப்பும் தெரியும்படி படம் எடுங்கள். குழியில் இறங்க வேண்டாம், மேலிருந்தே எடுக்கலாம். ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால் மேலே வானவில் நிறப் படலம் வரும். சில இடங்களில் இரும்புச் சத்தாலும் இப்படி ஒரு படலம் வருவதுண்டு. ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். இரும்புப் படலம் துண்டு துண்டாக உடையும், எண்ணெய்ப் படலம் விலகி மறுபடி கூடும். இது கோர்ட்டில் காட்டும் சோதனை இல்லை. உங்களுக்குத் தெரிந்துகொள்ள மட்டும்.

கோர்ட்டுக்கு லேப் ரிப்போர்ட் வேண்டும், அதுவும் என்.ஏ.பி.எல். (சோதனைக்கூடங்களுக்குத் தரச் சான்று தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் உள்ள லேப். வழக்கமாகக் குடிநீருக்குச் செய்யும் உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட் பரிசோதனையில் பெட்ரோல் அகப்படவே அகப்படாது. பென்சீன், டொலுவின், எத்தில் பென்சீன், சைலீன் நாலும், மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பனும் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். தண்ணீரை பிளாஸ்டிக் கேனில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். லேப் தரும் சிறு கண்ணாடிக் குப்பியில் மேலே காற்றுக் குமிழியே இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். இடையில் காற்று இருந்தால் பென்சீன் அதற்குள் தப்பிவிடும், ரிப்போர்ட்டில் குறைவாக வரும், நஷ்டம் உங்களுக்கு. மாதிரி எடுப்பதை லேப் ஆட்களே வந்து செய்யட்டும். குப்பிக்குக் குப்பி சீட்டு, தேதி, நேரம், எடுத்தவர் கையெழுத்து இருக்க வேண்டும். உங்கள் நிலத்திலேயே பங்க் வேலை நடக்காத, மேட்டுப் பக்க மூலை ஒன்றிலிருந்தும் ஒரு மண் மாதிரி அவசியம். ‘எதிர்த்தாப்பில் லாரி ஒர்க்‌ஷாப் இருக்கிறது, அங்கிருந்து வந்திருக்கும்’ என்று சொல்ல வருபவர்களுக்கு அந்த ஒரு மாதிரிதான் பதில்.

மாதிரி எடுப்பதற்கு முன் ஒரு கடிதம் எழுதுங்கள். கம்பெனியின் மண்டல அலுவலகம், டீலர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், கலெக்டர் அலுவலகம், எல்லோருக்கும் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட். ‘இன்ன தேதி, இன்ன நேரம், எங்கள் இடத்தில் மண்ணும் தண்ணீரும் மாதிரி எடுக்கிறோம். வந்து பாருங்கள், நீங்களும் பாதி எடுத்துக்கொள்ளலாம்’ என்று இருந்தால் போதும். வந்தால் நல்லது. வராவிட்டால் இன்னும் நல்லது. பிறகு அந்த மாதிரியைப் பற்றி அவர்கள் வாயைத் திறப்பது கஷ்டம். அவகாசம் இருந்தால் வக்கீல் மூலம் சிவில் கோர்ட்டில் அட்வகேட் கமிஷனர் கேட்டு, நிபுணரோடு வந்து இடத்தைப் பார்த்து அறிக்கை தரச் செய்யலாம். கோர்ட் அனுப்பிய ஆள் பார்த்தது என்பதற்குத் தனி எடை உண்டு.

இன்னொரு காகிதம் பலருக்குத் தோன்றுவதில்லை. பெட்ரோல் பங்க்குக்கு வெடிபொருள் துறை, இப்போதைய பெயரில் பெசோ, பெட்ரோலிய விதிகள் 2002-ன்படி லைசென்ஸ் கொடுக்கிறது. அதோடு ஒப்புதல் பெற்ற ஒரு வரைபடமும் இருக்கும். எந்த டேங்க் எங்கே, பைப் எந்த வழியாக, லாரி இறக்கும் வாய் எது, எல்லாம் அதில் உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டு அந்த வரைபடத்தை வாங்குங்கள். கம்பெனி பொதுத்துறையாக இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள்: டேங்க், பைப் அழுத்தச் சோதனை ரிப்போர்ட்டுகள், ஸ்டாக் வித்தியாசப் பதிவு, டேங்க் எடுத்தபோது மண்ணைச் சோதித்தார்களா, எடுத்த டேங்க் எந்த நிலையில் இருந்தது. பதில் தர 30 நாள் கெடு. வரைபடத்தின் மேல் உங்கள் மண் கறையின் அளவுகளைப் போட்டுப் பாருங்கள். கறை சரியாக பைப் ஓடிய கோட்டிலோ இறக்கும் வாய்க்கு அடியிலோ விழுந்தால், அதற்குப் பிறகு பெரிய வாதம் தேவைப்படாது.

சுத்தம் செய்வதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை நீங்கள் தனியாகச் செய்யக் கூடாது. கறை குழியோடு நின்றிருந்தால் மண்ணை அள்ளுவதே வழி. அள்ளியதை இடத்திலேயே கனமான பிளாஸ்டிக் விரிப்பில் குவித்து, மூடி, உள்ளே காற்று செலுத்தி, ஈரமும் சத்தும் கொடுத்தால், மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களே மாதக்கணக்கில் பெட்ரோலைத் தின்று தீர்க்கும். நம் ஊர் வெயிலுக்கு இது நன்றாகவே நடக்கும். டீசல் என்றால் இன்னும் தாமதமாகும். ரொம்ப மோசமான மண்ணை மட்டும் கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற அனுமதி பெற்ற ஆபத்துக் கழிவு மையத்துக்கு அனுப்பலாம். சேலத்திலிருந்து லாரி வாடகையே பயமுறுத்தும் என்பதால், எல்லா மண்ணையும் அங்கே அனுப்பலாம் என்று யாராவது மதிப்பீடு கொடுத்தால் இன்னொருவரிடமும் கேளுங்கள். இடத்தை அதிகம் தோண்ட முடியாத பக்கம் மண்ணிலிருந்து ஆவியை உறிஞ்சி எடுக்கும் முறை இருக்கிறது. தண்ணீர் பாகம்தான் நீளும். மேலே மிதப்பதை மட்டும் மெதுவாக எடுத்து, கரைந்ததைக் காற்றேற்றியும் கரி வடிகட்டியில் விட்டும் சுத்தம் செய்து, பிறகு பருவத்துக்குப் பருவம் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய மோட்டார் போட்டுக் கிணற்றை ஒரே மூச்சில் இறைத்துவிட்டால் தீர்ந்தது என்று கிளம்பாதீர்கள். நீர்மட்டம் வேகமாக இறங்கும்போது மேலே மிதந்தது ஆழத்து வெடிப்புகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு யாராலும் எடுக்க முடியாது. சோப்புத் தூள் கரைத்து ஊற்றுவதும், பெயர் தெரியாத ‘பாக்டீரியா பவுடர்’ வாங்கிக் கிணற்றில் கொட்டுவதும் அதைவிட மோசம்.

சரி, செலவு. குத்தகைதாரர் இடத்தை வாங்கிய நிலையில், சாதாரணத் தேய்மானம் நீங்கலாக, திருப்பித் தர வேண்டும் என்பது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவிலேயே இருக்கிறது. பெட்ரோல் ஊறிய மண்ணைத் தேய்மானம் என்று யாரும் சொல்ல முடியாது. குத்தகைப் பத்திரத்தை எடுத்து, இடத்தை ஒப்படைப்பது, நஷ்டஈடு பற்றிய ஷரத்துகளைத் தேடுங்கள். டேங்கும் பம்பும் பெரும்பாலும் கம்பெனி சொத்து, டீலர் நடத்துபவர் மட்டும். இருவரும் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள். நீங்கள் அந்த இருவருக்கும் சேர்த்தே நோட்டீஸ் அனுப்புங்கள், பங்கு பிரிப்பது அவர்கள் பாடு.

அப்பா கொடுத்த கடிதம் உங்களை மிகவும் கவலைப்படுத்துகிறது என்று தெரிகிறது. பூமிக்கடியில் ஆறடியில் இருந்ததைப் பார்த்து அவர் கையெழுத்துப் போடவில்லை. மேலே தெரிந்த நிலத்தைப் பார்த்துப் போட்டார். கம்பெனி அதைக் காட்டத்தான் செய்யும், உங்கள் வக்கீலிடம் முதல் நாளே அதைக் கொடுத்துவிடுங்கள். ஆனால் அந்தக் கடிதம் சித்தப்பாவைக் கட்டுப்படுத்தாது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் கட்டுப்படுத்தாது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு மட்டுமல்லாமல் கெட்டுப்போன சூழலைச் சரிசெய்யும் செலவும் அதில் சேரும் என்று சுப்ரீம் கோர்ட் 1996-லேயே சொல்லிவிட்டது. அதுவும் நம் பக்கத்து வேலூர் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் வழக்கில்தான். தண்ணீர் மாசு தடுப்புச் சட்டம் 1974 கிணற்றை மட்டுமல்ல, பூமிக்கடித் தண்ணீரையும் சேர்த்தே காக்கிறது.

போக வேண்டிய இடம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம். தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. 2010-ம் வருஷத்துச் சட்டத்தின் 15-வது பிரிவில் நஷ்டஈடும், சொத்தையும் சூழலையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவும் கேட்கலாம். பணம் கேட்கும் மனுவுக்குக் கேட்கும் தொகையில் நூற்றுக்கு ஒன்று கட்டணம், குறைந்தது ஆயிரம் ரூபாய். மனுவுக்கு ஐந்து வருஷக் கெடு. ஆனால் பணம் கேட்காமல் உத்தரவு மட்டும் கேட்கும் 14-வது பிரிவுக்கு ஆறு மாதம்தான். குத்தகை மீறலுக்குச் சிவில் கோர்ட்டில் மூன்று வருஷம். அவர்கள் காலி செய்து இரண்டரை வருஷம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மண்ணைக் கண்ட நாளிலிருந்துதான் காலம் ஓடுகிறது என்று வாதாட இடம் உண்டு என்றாலும், அந்த வாதத்தை நம்பி உட்காராதீர்கள். இன்னும் ஆறு மாதம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஓடுங்கள். வக்கீல் கட்டணம் பாரமாக இருந்தால் சேலம் கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். இதைக் கேட்க வெட்கப்பட எதுவும் இல்லை.

2025 ஜூலையில் மாசடைந்த இடங்களுக்கென்றே மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ சந்தேகத்துக்குரிய இடங்களை மாநில வாரியத்துக்குச் சொல்ல வேண்டும், வாரியம் 90 நாளில் முதல் கட்ட ஆய்வு செய்ய வேண்டும், பொறுப்பாளி யார் என்று கண்டுபிடித்து அவரிடம் சுத்தம் செய்யும் செலவை வாங்க வேண்டும் என்பது அதன் சாரம். உங்கள் இடத்தை அந்தப் பட்டியலுக்கு அனுப்பச் சொல்லி நீங்களே மனுக் கொடுங்கள். ‘நாமே போய்ச் சொன்னால் இடத்துக்கு விலை போகாதே’ என்று வீட்டில் பயப்படுவார்கள். தெரிந்தே மறைத்து விற்று, வாங்கியவர் வானம் தோண்டும்போது வாடை வந்தால் வரும் வழக்கை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் இந்தப் பிரச்சினைக்கென்றே 1986-ல் ஒரு நிதி தொடங்கினார்கள். விற்கும் ஒவ்வொரு கேலன் எரிபொருளிலும் ஒரு சென்டில் பத்தில் ஒரு பங்கு அதில் சேரும். டேங்க் உரிமையாளர் அசைந்து கொடுக்காவிட்டால் அரசு முதலில் சுத்தம் செய்துவிட்டு, பிறகு அவரிடம் வசூலிக்கலாம். நம்மிடம் பெட்ரோல் டேங்க் கசிவுக்கு அப்படிப்பட்ட தனி நிதி கிடையாது. லிட்டருக்கு எத்தனையோ வரி வாங்கும் நாட்டில் இதற்கென்று ஒரு பைசா ஒதுக்காதது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதனால்தான் கைக்காசு போட்டுவிட்டுப் பின்னால் அலையும் நிலை உங்களைப் போன்றவர்களுக்கு வருகிறது.

அந்தக் கைக்காசு திரும்ப வர ஒரு ஒழுங்கு வேண்டும். அவசரச் செலவான தண்ணீர் லாரி, குழிக்கு வேலி, மழை படாமல் மண்ணுக்குத் தார்ப்பாய் ஆகியவற்றை உடனே செய்யலாம், ரசீது மட்டும் போதும். பெரிய வேலையைத் தொடங்குவதற்கு முன் நிபுணர் எழுதிய திட்டமும் மூன்று இடத்து மதிப்பீடும் கையில் வைத்துக்கொண்டு, ‘இத்தனை நாளுக்குள் நீங்கள் செய்யாவிட்டால் நாங்கள் செய்து உங்களிடம் வசூலிப்போம்’ என்று கம்பெனிக்கு எழுதுங்கள். பணம் பேங்க் வழியாகப் போகட்டும், பில் ஜி.எஸ்.டி.யோடு இருக்கட்டும். எத்தனை லோடு, எங்கே போனது என்ற சீட்டு ஒவ்வொரு லாரிக்கும் வேண்டும். தேவைக்கு மேல் செய்த செலவு, சொல்லாமல் செய்த செலவு, ரசீது இல்லாத செலவு மூன்றும் வராது. கட்டடம் தாமதமானதால் போன வாடகையையும் கணக்கில் சேருங்கள், அதற்கு ஒப்பந்தமோ முன்பணமோ காட்ட முடிந்தால்.

கடைசியாக உங்கள் சித்தப்பா. அவர் கோபம் நியாயம், ஆனால் ஆள் மாறிப்போயிருக்கிறது. ‘நான் எல்லாம் பார்த்துக்கொள்கிறேன்’ என்றோ ‘என் இடத்தால்தான்’ என்றோ எழுத்தில் எதுவும் கொடுக்காதீர்கள். அதே சமயம் அவரை எதிர்க்கட்சியாகவும் ஆக்கிக்கொள்ளாதீர்கள். தண்ணீர் கெட்டவர் அவர், நிலம் கெட்டவர் நீங்கள். இருவரும் சேர்ந்து ஒரே மனுவாகப் போட்டால், கசிவு எங்கே தொடங்கி எங்கே போனது என்ற முழுக் கதையும் ஒரே கோப்பில் இருக்கும். தனித்தனியாகப் போனால் கம்பெனி உங்கள் இருவரையும் மோதவிட்டு ஒதுங்கி நிற்கும். அவருக்கு உடனே தண்ணீர் வேண்டும் என்றால், பொதுத் தொல்லை என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 152-வது பிரிவில் ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) இருவரும் மனுக் கொடுக்கலாம். லேப் செலவையும் பங்கு போட்டுக்கொள்ளலாம். இன்று சாயங்காலமே போய் அவரிடம் பேசுங்கள், போகும்போது அவர் வீட்டுக்கு ஒரு கேன் குடிதண்ணீர் கொண்டுபோங்கள்.

லேப் ரிப்போர்ட்டும் பெசோ வரைபடமும் குத்தகைப் பத்திரத்தின் ஒப்படைப்புப் பக்கமும் கைக்கு வந்ததும் நகல் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எங்கே எத்தனை ஆழத்துக்குத் தோண்ட வேண்டும், எந்தெந்தக் கிணற்றைத் தொடர்ந்து சோதிக்க வேண்டும் என்பதை அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.